குமரி மாவட்டத்தில் வெறுப்புச் செய்திகளுக்கு எதிராக ஏஐ-யை எப்படிப் பயன்படுத்துவது?

கேள்வி இது. நாகர்கோவில் பக்கத்தில் ஓர் இளைஞர் மன்றம். திருவிழாக் காலங்களில் வாட்ஸ்அப்பில் மத வெறுப்பு ஃபார்வேர்டுகள் சுற்றுகின்றன. செயற்கை நுண்ணறிவை வைத்து அவற்றைப் பிடிக்க முடியுமா? பிள்ளைகள் தீவிரக் கருத்துகளில் விழாமல் தடுக்க முடியுமா? மதங்களுக்கிடையே புரிதல் வளர அது உதவுமா? மன்றத்தில் ஒரு லேப்டாப் இருக்கிறது, கணினி படித்தவர்கள் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள்.

முடியும். ஆனால் ஒரு மென்பொருளை ஏற்றி வைத்துவிட்டால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும் என்று இருக்க முடியாது. ஏஐ-க்கு நம் மாவட்டத்துப் பேச்சு தெரியாது. அதைச் சொல்லிக்கொடுக்க எல்லாத் தரப்பு ஆட்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான செய்திகளை வாசிக்க வேண்டும். இது கேலி, இது இழிவு, இது ஆபத்து என்று பிரிக்க வேண்டும். இந்த வேலையில் பாதிக்கு மேல் அந்த மேசையில்தான் நடக்கிறது. மாடல், அதாவது நாம் பழக்கும் ஏஐ நிரல், அதற்கு அப்புறம்.

நம் மாவட்டத்துக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு போதும். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 18,70,374. இந்துக்கள் சுமார் 48.7 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.8, முஸ்லிம்கள் 4.2. யாரும் யாரையும் விட்டு ஒதுங்கி வாழ முடியாத விகிதம். ஒரே பேருந்து நிறுத்தத்தில் குருசடியும் (சிலுவை நிறுத்திய சிறு வழிபாட்டிடம்) இசக்கி அம்மன் கோயிலும் எதிரெதிரே இருக்கும். 1982 மார்ச் 1 அன்று மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே நடந்த மோதலிலும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டிலும் உயிர்கள் போயின. கைபேசியே இல்லாத காலத்தில் அந்தத் தீ கடற்கரை ஊர்களுக்கும் உள்நாட்டு ஊர்களுக்கும் பரவியது. நீதிபதி வேணுகோபால் ஆணையம் விசாரித்தது. குன்றக்குடி அடிகளார் நேரில் வந்து இரு தரப்பிலும் பேசி அமைதிப் பணி செய்தார். அன்று தீ பரவியது ஆட்களின் வாய் வழியாக. இன்று அதே வேலையை ஒரு 20 விநாடி வாய்ஸ் நோட் செய்துவிடும்.

முதலில் மொழி. இங்கேதான் வெளியிலிருந்து வாங்கும் எந்தக் கருவியும் சறுக்கும்.

"சவத்த விடுல மக்கா" என்றால் நமக்கு "போனால் போகட்டும், விடு" என்று பொருள். இயந்திரம் அதில் பிணத்தைப் பார்க்கும். "கொன்னுட்டான்" என்பது பாட்டுக் கச்சேரி நன்றாக இருந்தது என்ற பாராட்டு. விளவங்கோடு பக்கம் "வெள்ளம் வந்துச்சா?" என்று கேட்டால் குழாயில் தண்ணீர் வந்ததா என்று அர்த்தம். அதையே நாகர்கோவிலுக்குக் கிழக்கே வாசிப்பவர் ஆறு பெருகிவிட்டதோ என்று பதறலாம். மலையாளத்தில் தெறி என்றால் கெட்ட வார்த்தை, தமிழ் இளைஞர்களிடம் "தெறி" என்றால் அருமை. பட்டி என்பது அங்கே நாய், இங்கே ஊர்ப்பெயரின் கடைசிப் பகுதி. இவற்றை ஆங்கில எழுத்தில் தட்டினால் இரு மொழியும் கலந்து கற்ற மாடலுக்கு எது எதுவென்று பிரிப்பது மிகக் கடினம்.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். சாதாரணமாகத் தெரியும் சொல் வசவாக வரும். பாவாடை என்பது ஜவுளிக்கடைச் சொல், அதையே கிறிஸ்தவர்களை இழிவுபடுத்தவும் சிலர் எழுதுகிறார்கள். துலுக்கன் என்பதை இன்று முஸ்லிம்களைக் குத்துவதற்காகச் சொல்கிறார்கள். ஆனால் ஸ்ரீரங்கத்தில் துலுக்க நாச்சியாருக்குச் சந்நிதியே உண்டு. சங்கி என்பது ஓர் அரசியல் விமர்சனமாகவும் வரும், மொத்த இந்துக்களையும் சேர்த்துத் திட்டுவதாகவும் வரும். சொற்பட்டியல் ஒன்றை வைத்துத் தடுக்கப் பார்த்தால் பாவாடை தாவணி விளம்பரம் மாட்டும், உண்மையான மிரட்டல் தப்பிவிடும்.

தமிழில் இதற்குத் தரவே இல்லை என்று நினைக்க வேண்டாம். 2020-ல் வெளிவந்த ஹோப்-இடிஐ தொகுப்பில் யூடியூப் கருத்துகள் தமிழில் 20,198, மலையாளத்தில் 10,705 இருக்கின்றன. வெறுப்பைத் தேடாமல் நம்பிக்கையூட்டும் பேச்சைத் தேடும் தொகுப்பு அது. அந்த நோக்கமே எனக்கு மிகவும் பிடித்தது. பிந்தைய ஆண்டுகளில் தமிழ், மலையாளம், கன்னட இழிசொற்களுக்கான பொதுப் போட்டிகள் நடந்து, அவற்றின் தரவும் வெளியாகியிருக்கிறது. டாட்டில் என்ற இந்தியக் குழு வேறோர் ஆய்வு மையத்துடன் சேர்ந்து 2022-ல் உருவாக்கிய 'உளி' என்ற உலாவி நீட்சி, தமிழ், இந்தி, இந்திய ஆங்கில வசைச்சொற்களைத் திரையில் மறைக்கிறது. இவை எல்லாம் நல்ல அடித்தளம். ஆனால் பெரும்பாலும் யூடியூப் போன்ற பொதுத் தளங்களில் வந்த கருத்துகள். கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் நடுவே நடக்கும் சண்டையின் மொழி அவற்றில் இருக்காது. அதை நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

செய்திகளை எங்கிருந்து எடுப்பது? யாருடைய குழுவிலும் ஒளிந்திருந்து அள்ளக் கூடாது. தனி சிம் போட்ட ஒரு ஃபோன் எண்ணை அறிவியுங்கள். சந்தேகமான செய்தி எதுவாக இருந்தாலும் மக்கள் அந்த எண்ணுக்கு ஃபார்வேர்டு செய்யட்டும். வாட்ஸ்அப் செய்திகள் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்பட்டவை. அந்த நிறுவனமே உள்ளடக்கத்தை வாசிக்க முடியாது. ஆகவே மக்கள் விரும்பி அனுப்புவது ஒன்றுதான் நேர்மையான வழி. வந்த உடனே ஃபோன் எண், பெயர், வீட்டு முகவரி, வண்டி எண் எல்லாவற்றையும் அழித்து "ஆள்1", "ஊர்1" என்று மாற்றிவிட வேண்டும். மூலச் செய்தியை 90 நாளுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். அனுப்பியவர் பெயர் வெளியே போனால் அடுத்த நாளிலிருந்து யாரும் அந்த எண்ணுக்கு எதுவும் அனுப்ப மாட்டார்கள்.

இனி மேசை. 9 பேர் போதும். கடற்கரை ஊர்களிலிருந்து 3 பேர், அவர்களில் ஒருவராவது வலை இழுக்கும் குடும்பத்திலிருந்து. மற்றவர்களில் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை), கோயில் கமிட்டி, ஜமாஅத், அய்யாவழி நிழல் தாங்கல் (அய்யா வைகுண்டரைப் பின்பற்றுவோரின் வழிபாட்டிடம்) ஒவ்வொன்றிலிருந்தும் ஒருவர். மலையாளம் சரளமாகத் தெரிந்த, களியக்காவிளை அல்லது அருமனை பக்கத்து ஆள் ஒருவர். பிற மாவட்டத்திலிருந்து வந்து இங்கே வேலை செய்பவர் ஒருவர், உள்ளூர்க்காரர்கள் கவனிக்காததை அவர் கவனிப்பார். குறைந்தது 4 பேர் பெண்கள். பெண்களைக் குறிவைக்கும் வசவை ஆண்கள் மட்டும் இருக்கும் மேசை "இது சும்மா பேச்சு" என்று தள்ளிவிடுவது வழக்கமாக நடப்பது.

ஐந்து குறிகள் வையுங்கள். சாதாரணம், கடுமையான விமர்சனம், ஒரு சமூகத்தை இழிவுபடுத்துதல், வன்முறைக்குத் தூண்டுதல் அல்லது ஆள் திரட்டுதல், உண்மையா என்று பார்க்க வேண்டிய தகவல். இரண்டாவது குறியை விட்டுவிடாதீர்கள். பங்குத்தந்தையையோ கோயில் டிரஸ்டியையோ ஜமாஅத் தலைவரையோ கணக்குக் கேட்பது வெறுப்பு அல்ல, அது ஊர்க்காரரின் உரிமை. அந்தக் குறி இல்லாவிட்டால் உங்கள் கருவி பதவியில் இருப்பவர்களுக்குக் காவல்காரனாக மாறிவிடும்.

முதல் 200 செய்திகளை எல்லோரும் சேர்ந்து பேசிக் குறியிடுங்கள். அதன் பிறகு ஒவ்வொரு செய்தியையும் மூன்று பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். 3,000 செய்தி என்றால் 9,000 குறி. ஆளுக்கு ஓர் அமர்வில் 100 என்று வைத்தால் 9 பேருக்கு 10 அமர்வு. அமர்வு இரண்டு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம், நடுவில் டீ இடைவேளை கட்டாயம். வெறுப்பைத் தொடர்ந்து வாசிப்பது மனதைக் கெடுக்கும். ஒருவருக்கு அவருடைய சாமியைப் பற்றிய வசவே திரும்பத் திரும்ப வந்தால் அவர் அன்று எழுந்து போகலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மூவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்பதை அளக்க கிரிப்பண்டார்ஃப் ஆல்ஃபா என்ற அளவு இருக்கிறது. 0.8-க்கு மேல் வந்தால் நல்லது, 0.67-க்குக் கீழே போனால் விதிமுறை தெளிவாக இல்லை. ஆனால் மதம், சாதி சார்ந்த பேச்சில் எண் குறைவாக வந்தால் உடனே ஆட்களைக் குறை சொல்ல வேண்டாம். எங்கே பிரிகிறார்கள் என்று பாருங்கள்.

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். "கடப்புறத்துக்காரன் புத்தியக் காட்டிட்டான்." உள்நாட்டு ஆள் இதற்குச் சாதாரணம் என்று குறியிடுவார். ஊரில் தினமும் காதில் விழும் பேச்சு, அவர் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. கடற்கரையிலிருந்து வந்தவர் இழிவு என்று குறியிடுவார். ஒருவன் செய்த தப்பை ஒரு கரை முழுவதற்கும் புத்தியாக ஆக்குகிறது அந்த வாக்கியம், பள்ளிக்கூட நாளிலிருந்து அதைக் கேட்டு வளர்ந்தவருக்கு அது வலிக்கும். மூன்றாவது ஆள், பேசியவர் கோபத்தில் இருந்தாரா விளையாட்டாகச் சொன்னாரா என்று கேட்பார். இங்கே பெரும்பான்மை வாக்கெடுத்து 2-க்கு 1 என்று முடித்துவிடுவது பெரிய தவறு. மூன்று குறியையும் அப்படியே சேமியுங்கள், யார் ஏன் அப்படிக் குறியிட்டார் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். அந்த வாக்கியத்தில் அரை மணி நேரம் போனால் போகட்டும். எத்தனையோ அமைதிக் குழுக் கூட்டங்களில் தாசில்தார் முன்னால் கைகுலுக்கிவிட்டுப் போகிறவர்கள் பேசாத விஷயம் அந்த அரை மணி நேரத்தில் பேசப்படும்.

பயிற்சி பெரிய வேலை அல்ல. கூகுள் வெளியிட்ட மியூரில் மாடல் 17 மொழிகளில், ஆங்கில எழுத்தில் தட்டிய இந்திய மொழி எழுத்துகளையும் சேர்த்துப் பழக்கப்பட்டது. தங்லீஷ் செய்திகளுக்கு அதிலிருந்து தொடங்கலாம். கணினி படித்தவர்களுக்கான தொடக்க அமைப்பு இது: கற்றல் வேகம் 0.00002, ஒரு தொகுதிக்கு 16 செய்தி, நீளம் 128 டோக்கன் (சொல் துண்டு), 3 அல்லது 4 சுற்று. உலாவியிலேயே நிரல் ஓட்டும், இலவசமாகக் கிடைக்கும் இணைய நோட்புக்கின் ஜிபியுவிலேயே ஒரு மணி நேரத்துக்குள் முடியும்.

கெடுவது வேறு இடங்களில். முதலாவது, ஒரே ஃபார்வேர்டு ஒரு இமோஜி மட்டும் மாறி 40 தடவை வந்திருக்கும். அதில் சில பயிற்சியிலும் சில சோதனையிலும் போய்விட்டால் மாடல் மனப்பாடம் செய்ததையே ஒப்பித்து 95 மதிப்பெண் வாங்கும். கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பவற்றை முதலில் நீக்குங்கள். பிறகு நிகழ்ச்சி வாரியாகப் பிரியுங்கள். கோட்டாறு சவேரியார் திருவிழாச் சமயத்துச் செய்திகளில் பயிற்சி கொடுத்து மண்டைக்காட்டு அம்மன் கோயிலின் மாசிக் கொடைச் சமயத்துச் செய்திகளில் சோதித்துப் பார்த்தால் உண்மையான திறமை தெரியும், பெரும்பாலும் அது மனம் தளரவைக்கும் அளவுக்குக் கீழேதான் இருக்கும். இரண்டாவது, எழுத்துரு. 'கொ' என்ற எழுத்தின் கொம்பும் காலும் சிலரின் விசைப்பலகையில் ஒரே குறியாக வரும், சிலரிடம் இரண்டு குறியாக வரும். 'ஸ்ரீ' இரண்டு விதமாகத் தட்டப்படுகிறது. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. யூனிகோடு இயல்பாக்கம் (ஒரே எழுத்தின் பல குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்குவது) செய்யாமல், அதில் அடங்காத 'ஸ்ரீ'யைத் தனியாக ஒரே வடிவமாக்காமல் எதையும் தொடங்காதீர்கள். மூன்றாவது, எழுத்துக்கு நடுவே புள்ளி வைத்துத் தப்பிப்பவர்கள். அந்தப் புள்ளிகளை அகற்றிய நகல் ஒன்றையும் மாடலுக்குக் கொடுங்கள். போஸ்டர் படங்களில் உள்ள அலங்கார எழுத்தை எழுத்துணரி பாதிக்குமேல் தப்பாக வாசிக்கலாம். வாய்ஸ் நோட்டில் நம் பேச்சு வேகத்தில் உரைமாற்றி தடுமாறும். ஆகவே படமும் குரலும் வந்தால் மாடலை நம்பாமல் ஓர் ஆள் நேரடியாகப் பார்க்கட்டும், கேட்கட்டும்.

பாரபட்சச் சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். "முருகன் நேற்று எங்கள் தெருவில் பிரச்சனை செய்தான்" என்ற வாக்கியத்தில் முருகனை எடுத்துவிட்டு அந்தோணி, சாமுவேல், அப்துல், வைகுண்டமணி என்று போட்டுப் பாருங்கள். இப்படி 50 வாக்கியம், 5 பெயர், மொத்தம் 250. பெயர் மாறியதற்காகவே ஆபத்து மதிப்பெண் (0 முதல் 1 வரை) 0.1-க்கு மேல் ஏறினால், உங்கள் தரவில் அந்தச் சமூகத்தைப் பற்றிய கெட்ட செய்திகளே அதிகம் என்று பொருள். அந்தச் சமூகத்தின் கல்யாணம், காதுகுத்து, கபடிப் போட்டி பற்றிய சாதாரணச் செய்திகளைச் சேர்த்து மறுபடி பயிற்சி கொடுக்க வேண்டும். இது சரியாகும்வரை வெளியே விடவே கூடாது.

இப்போது நான் அழுத்திச் சொல்ல விரும்பும் கணக்கு. 10,000 செய்தி வருகிறது, அவற்றில் உண்மையிலேயே ஆபத்தானவை 20 என்று வைத்துக்கொள்வோம். மாடல் ஆபத்தில் 95 சதவீதத்தைப் பிடிக்கும், சாதாரணத்தில் 95 சதவீதத்தைச் சரியாக விட்டுவிடும். கேட்க அருமையாக இருக்கிறது. 20-ல் 19-ஐப் பிடித்துவிடும். ஆனால் மீதமுள்ள 9,980-ல் 5 சதவீதம், அதாவது 499 அப்பாவிச் செய்திகள் மீதும் கைவைக்கும். மாட்டிய 518-ல் 19 மட்டுமே உண்மை. நூற்றுக்கு நான்கு கூட இல்லை. இந்தப் பட்டியலைத் தூக்கிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே மாடலின் வேலை வரிசைப்படுத்துவது மட்டுமே. 10,000-ஐ யாரும் வாசிக்க முடியாது, 518-ஐ நான்கு பேர் ஒரு மாலையில் வாசித்துவிடலாம். முடிவு அந்த நால்வருடையது, அதுவும் குறைந்தது இரண்டு சமூகத்தைச் சேர்ந்த நால்வர்.

ஆட்களைப் பற்றிய பட்டியல் எதுவும் வேண்டவே வேண்டாம். யார் தீவிரவாதியாக மாறுவான் என்று முகத்தையும் நண்பர்களையும் தாடியையும் வைத்துச் சொல்லும் கருவியை யாராவது விற்க வந்தால் திருப்பி அனுப்புங்கள். 2017-ல் ஒரு பாலஸ்தீனத் தொழிலாளி தன் படத்தோடு அரபியில் காலை வணக்கம் என்று ஃபேஸ்புக்கில் போட்டார். தானியங்கி மொழிபெயர்ப்பு அதை ஹீப்ருவில் "அவர்களைத் தாக்கு" என்று மாற்றியது. இஸ்ரேல் போலீஸ் அவரைப் பிடித்து விசாரித்துவிட்டு, தவறு தெரிந்த பிறகு விட்டது. அரபி தெரிந்த ஓர் ஆள் அந்த ஒரு வரியை வாசித்திருந்தால் அவர் அன்றைக்கு வேலைக்குப் போயிருப்பார். நம்முடைய "சவத்த விடு" எங்கே போய் முடியும் என்று இதிலிருந்து தெரியும்.

பெரிய நிறுவனங்கள் செய்வதில் நமக்குப் பயன்படுவது கொஞ்சம்தான். ஃபேஸ்புக், மைக்ரோசாஃப்ட், ட்விட்டர், யூடியூப் சேர்ந்து 2017-ல் அமைத்த கூட்டமைப்பு, தெரிந்த பயங்கரவாத வீடியோக்களின் இலக்கக் கைரேகையைப் பகிர்ந்துகொள்கிறது. ஒரு தளத்தில் நீக்கியது இன்னொன்றில் ஏறாமல் தடுக்க இது உதவும். ஆனால் புதிய வீடியோவைக் கைரேகை பிடிக்காது. 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் மசூதித் தாக்குதல் நேரலையாக வந்தபோது ஏஐ அதைக் கண்டுகொள்ளவில்லை. முதல் புகார் வந்ததே ஒளிபரப்பு தொடங்கி 29-வது நிமிடத்தில், ஒரு மனிதரிடமிருந்து. அடுத்த 24 மணி நேரத்தில் ஃபேஸ்புக் நீக்கிய அல்லது தடுத்த பிரதிகள் 15 லட்சம்.

ஆகவே நம் ஊர் அளவில் வேகம்தான் எல்லாம். வதந்தி வந்து 30 நிமிடத்துக்குள் ஊர் நம்பும் பதில் போக வேண்டும் என்று இலக்கு வையுங்கள். ஏஐ இங்கே நிஜமாகக் கைகொடுக்கும். வந்த செய்தி முன்பு வந்த எதையாவது ஒத்திருக்கிறதா என்று நொடியில் தேடும். இதே வீடியோ வேறு மாநிலத்தின் பெயரில் சுற்றியதா என்று படத்தேடல் காட்டும். மிச்சத்தை ஆட்கள் பார்க்கலாம். "நம்ம ஊரில் சர்ச்சை உடைக்கிறாங்க" என்று வரும் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். நாகர்கோவில் என்றால் வண்டிகளில் டிஎன் 74 இருக்கும், மார்த்தாண்டம் என்றால் டிஎன் 75. கடைப் பலகை எந்த மொழி, பேருந்தின் நிறம் என்ன, பின்னணியில் கத்துபவர் எந்த ஊர்த் தமிழ்? அந்த ஊரில் இருக்கும் ஓர் ஆளுக்கு ஃபோன் போட்டு வெளியே எட்டிப் பார்க்கச் சொல்வதுதான் கடைசிச் சோதனை. ஏஐ உருவாக்கிய குரல், வீடியோ என்ற சந்தேகம் வந்தால் டீப்ஃபேக்ஸ் அனாலிசிஸ் யூனிட் 2024-ல் தொடங்கிய வாட்ஸ்அப் சேவை தமிழிலும் இருக்கிறது. மாநில அரசின் தகவல் சரிபார்ப்பகமும் உண்டு.

பதிலை எழுதும்போது பொய்யைத் தலைப்பாக வைக்காதீர்கள். "கோயிலைத் தாக்கினார்கள் என்பது பொய்" என்று போட்டால் பாதிப் பேர் முதல் இரண்டு வார்த்தையோடு நின்றுவிடுவார்கள். "ராத்திரி 9 மணிக்குக் கோயில் நடை வழக்கம்போல் சாத்தியது. பூசாரியிடமும் பங்குப் பேரவையிலும் பேசிவிட்டோம். அந்த வீடியோ வேறு மாநிலத்தில் எடுத்தது." இந்த அளவு போதும், 60 சொல்லுக்குள். இரண்டு சமூகத்தினர் சேர்ந்து பேசிய 40 விநாடி வாய்ஸ் நோட் இதைவிட வேகமாகப் போகும். ஏஐ குரலில் அதைச் செய்யக் கூடாது, தெரிந்தவர் குரல் என்பதால்தான் மக்கள் நம்புகிறார்கள். பதற்றமான இரவில் குழு அட்மின்கள் "அட்மின் மட்டும் அனுப்பலாம்" என்ற அமைப்பைப் போட்டுவிட்டு இந்த ஒரு பதிலை மட்டும் போடலாம். இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தி பலமுறை கைமாறியது, 2020 ஏப்ரலிலிருந்து அதை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும். அந்த அம்புக்குறியைப் பார்க்கப் பிள்ளைகளுக்கும் பாட்டிமாருக்கும் பழக்குங்கள். இடம், நேரம் குறிப்பிட்டு ஆள் திரட்டும் செய்தி வந்தால் மாடலின் மதிப்பெண்ணைப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே 112-க்கு அழைக்க வேண்டும். சமூகங்களிடையே பகை மூட்டுவது பாரதிய நியாய சன்ஹிதா 196-ன் கீழ் குற்றம், அதை ஃபார்வேர்டு செய்தவரும் மாட்டலாம் என்பதையும் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

மறுப்பு யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதும் முக்கியம். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்ற பொய் வீடியோக்கள் சுற்றின. காவல்துறை உடனே மறுத்தது. அந்த மறுப்பு தமிழில் மட்டும் இருந்தால் யாருக்குப் பயன்? நம் துறைமுகங்களிலும் கட்டட வேலையிலும் இருக்கும் வடமாநிலத்தவர் இந்தி, ஒடியா, வங்காளத்தில் வாசிப்பவர்கள். ஐஐடி மெட்ராஸின் ஏஐ4பாரத் வெளியிட்ட இண்டிக்டிரான்ஸ்2 அட்டவணை மொழிகள் 22-க்கும் மொழிபெயர்க்கும். அதில் போட்டு எடுத்ததை அந்த மொழி பேசும் ஒருவரிடம் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

தீவிரக் கருத்துக்குள் ஏற்கெனவே போய்விட்ட பையனிடம் ஏஐ பேச முடியுமா? 2024-ல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வில் சுமார் 2,190 அமெரிக்கர்கள் தாங்கள் நம்பிய சதிக்கோட்பாட்டைப் பற்றி ஜிபிடி-4 டர்போவோடு மூன்று சுற்று உரையாடினார்கள். நம்பிக்கை சராசரியாக 20 சதவீதம் குறைந்தது, இரண்டு மாதம் கழித்தும் அது நிலைத்தது. அவரவர் சொன்ன அதே காரணத்துக்கு நேரடியாக, சளைக்காமல், ஆதாரத்தோடு பதில் சொன்னதுதான் பலித்தது. மிக நல்ல செய்தி. ஆனால் அது ஆங்கிலத்தில், தாங்களாகவே ஆய்வுக்கு வந்தவர்களிடம் நடந்தது. வன்முறைக் கும்பலின் நட்பு வட்டத்தில் சிக்கிய 17 வயதுப் பையனின் பிரச்சனை தகவல் குறைவு மட்டுமாக இருக்காது. வேலை இல்லாமை, வீட்டில் அவமானம், தன்னை மதித்த முதல் ஆள் அந்தக் கும்பல்காரனாக இருப்பது எல்லாம் சேர்ந்திருக்கும். அங்கே அவனுடைய பழைய பி.டி. மாஸ்டரோ ஃபுட்பால் கோச்சோ போய்ப் பேச வேண்டும். அவருக்கு வேண்டிய உண்மைகளைத் தயார் செய்து கொடுப்பதற்கு ஏஐ-யை வைத்துக்கொள்ளுங்கள்.

புரிதல் வளர்க்கும் பக்கம்தான் எனக்கு அதிக நம்பிக்கை. நம்மிடம் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிட்ட கேள்விகள் ஏராளம். அய்யாவழிப் பதியில் கண்ணாடி முன்னால் ஏன் கும்பிடுகிறார்கள், ஆண்கள் ஏன் தலைப்பாகை கட்டுகிறார்கள்? சிஎஸ்ஐ சபையின் அசனத்துக்கு (பொது விருந்து) வேற்று மதத்தார் போகலாமா? தக்கலையில் சூஃபிப் புலவர் பீர்முகமது அப்பாவின் பாடல்களைத் தமிழில் பாடுவது எப்படி வந்தது? நோன்புக் கஞ்சியை ஏன் எல்லோருக்கும் கொடுக்கிறார்கள்? சாமிதோப்பு முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியாரும் நீர் எடுக்க வைகுண்டர் வழி செய்தது என்ன காலத்தில்? இப்படி 300 கேள்வியைத் திரட்டுங்கள். பதிலை அந்தந்தச் சமூகத்தாரே எழுதட்டும், வயதானவர்கள் சொல்வதைப் பதிவு செய்து தட்டச்சு செய்யுங்கள்.

கேள்விக்கு ஏற்ற பதிலைத் தேடி எடுத்துக் கொடுப்பது மட்டுமே ஏஐ-யின் வேலை. அதைச் சொந்தமாகப் பதில் சொல்ல விடாதீர்கள். விட்டால் இல்லாத குறளை எண்ணோடு எழுதித் தரும், பைபிள் வசனத்தையும் குர்ஆன் ஆயத்தையும் மாற்றிச் சொல்லும். வேற்று மதத்தாரின் வேதத்தைத் தப்பாகச் சொல்லும் கருவி சண்டையை அணைக்காது, மூட்டும். களஞ்சியத்தில் பதில் இல்லையென்றால் "இதற்கு இன்னும் பதில் எழுதவில்லை, கேட்டுச் சொல்கிறோம்" என்று சொல்ல வையுங்கள். தமிழில் சொல் ஒட்டிக்கொண்டே போகும், "கோயிலுக்குள்ளேயிருந்து" என்று கேட்டால் "கோயில்" என்ற தேடல் தவறவிடலாம். அதனால் பொருளை ஒப்பிடும் பன்மொழித் தேடலைப் பயன்படுத்தி, ஒவ்வொரு கேள்விக்கும் பேச்சுத் தமிழிலும் தங்லீஷிலும் நான்கைந்து வடிவம் சேர்த்து வையுங்கள். பதில் இல்லாமல் போன கேள்விகளை வாரம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஊர் மனதில் என்ன ஓடுகிறது என்று அதைப்போல வேறெதுவும் காட்டாது.

கூட்டங்களிலும் ஒரு பயன் உண்டு. 2024-ல் கூகுளின் டீப்மைண்ட் ஆய்வாளர்கள் பிரிட்டனில் 5,734 பேரை வைத்துச் சோதித்தார்கள். பிரிந்து நிற்கும் கருத்துகளை வாங்கி, எல்லோரும் ஏற்கக்கூடிய பொது வாசகத்தை ஏஐ எழுதியது. மனித நடுவர் எழுதியதைவிட அதை 56 சதவீதம் தடவை விரும்பினார்கள். ஊர்வலப் பாதை, ஒலிபெருக்கி நேரம் போன்ற தகராறில் இரு தரப்பும் தனித்தனியாக எழுதிக் கொடுத்ததை வைத்து முதல் வரைவு எழுத இதைப் பயன்படுத்தலாம். சிறுபான்மையாக நிற்பவரின் ஆட்சேபம் வரைவில் அப்படியே இருக்கிறதா என்று மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பாருங்கள், இத்தகைய மாடல்கள் அதை மழுப்பிவிட வாய்ப்பு உண்டு.

காலம் என்று பார்த்தால், மாசிக் கொடைக்குக் கருவி கையில் இருக்க வேண்டுமானால் ஐப்பசியில் மேசையைப் போட வேண்டும். பத்து அமர்வுக்கு வாரம் ஒன்று என்றால் இரண்டரை மாதம், பயிற்சிக்கும் பாரபட்சச் சோதனைக்கும் மூன்று வாரம். நடுவில் கோட்டாறு திருவிழா, கிறிஸ்துமஸ், சுசீந்திரம் தேரோட்டம் எல்லாம் வரும், அந்த வாரங்களில் அமர்வு நடக்காது, ஆனால் செய்திகள் குவியும். முதல் அமர்வுக்கு லேப்டாப் வேண்டாம். 200 செய்தியையும் பெரிய எழுத்தில் தாளில் அச்சடித்து, ஒவ்வொருவர் கையிலும் ஐந்து நிறப் பேனா கொடுங்கள். கோயிலும் சர்ச்சும் பள்ளிவாசலும் அல்லாத இடமாக, நூலகமோ பஞ்சாயத்துக் கூடமோ பாருங்கள். ஞாயிறு காலையும் வெள்ளி மதியமும் வேண்டாம், கடற்கரை ஆட்கள் கடலுக்குப் போகும் நேரத்தையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.